கழுதையைக் கழுவாக்க வேண்டாம்: பழமொழியின் பொருளைச் சோதிக்கும் முறை

"நாம் தவறாகப் புரிந்துகொண்ட பழமொழிகள்" என்ற தலைப்பில் ஒரு பட்டியல் பல ஆண்டுகளாகக் கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருக்கிறது. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பது "கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை"யாம். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பதில் பேர் இல்லை, வேராம். "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பது சஷ்டி விரதத்தைப் பற்றியதாம். பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும் பட்டிமன்ற மேடைகளிலும் இவை உறுதியான செய்திகளைப் போலச் சொல்லப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் இல்லை என்பதோடு, ஆதாரம் இல்லை என்பதை எவரும் தாமே சோதித்துத் தெரிந்துகொள்ள முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோதிக்கும் முறை கடினமானது அல்ல.

பழமொழி என்பது என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. தொல்காப்பியச் செய்யுளியல் முதுமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை, மென்மை ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, "குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி" என்கிறது. ஒருவர் ஏற்கெனவே ஒன்றைப் பேசிக்கொண்டிருக்கிறார். அதை முடித்துக் கட்டுவதற்குக் காரணமாக வந்து நிற்பது முதுமொழி. தனியாகச் சுவரில் எழுதி வைப்பதற்காகப் பிறந்தது அல்ல. அகநானூற்றின் 101ஆம் பாட்டில் மாமூலனார் இதைக் கண்முன் காட்டுகிறார். தலைவன் பிரிந்து போயிருக்கிறான். நன்மை செய்தவர்க்குத் தீமை வராது என்ற "தொன்றுபடு பழமொழி" இன்று பொய்த்துவிட்டதோ என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். அந்தக் காலத்திலேயே அது பழைய மொழி. அதன் பொருளை அந்தச் சூழல்தான் திறந்து காட்டுகிறது. எந்தப் பழமொழிக்கும் முதல் ஆதாரம் அது வழங்கும் இடம்: யார், யாரிடம், என்ன நடந்தபோது சொல்கிறார்கள்.

இரண்டாவது ஆதாரம், பழமொழிகள் நெடுங்காலத்தில் உண்மையில் எப்படி மாறுகின்றன என்பது. இதைப் பார்ப்பதற்குத் தமிழுக்கு அரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான பழமொழி நானூறு, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் மக்கள் வாயில் இருந்த பழமொழிகளை வெண்பாவுக்கு ஒன்றாகப் பதித்து வைத்திருக்கிறது. இயற்றியவர் முன்றுறை அரையனார். அதில் வரும் ஒரு வெண்பாவின் கடைசி இரண்டு அடிகள்: "மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும்தன் வாயால் கெடும்." நுணல் என்பது மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் தவளை. கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது, கத்தியதால் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்து மாட்டிக்கொள்கிறது. இன்று நாம் சொல்வது "தவளை தன் வாயால் கெடும்". நுணல் என்ற சொல் வழக்கொழிந்தது. அந்த இடத்தில் அதே உயிரினத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த சொல் வந்து உட்கார்ந்தது. பொருள் இம்மியும் நகரவில்லை. அதே நூலில் "நிறைகுடம் நீர் தளும்பல் இல்" இருக்கிறது, இன்றைக்கு "நிறைகுடம் தளும்பாது". "தனிமரம் காடாதல் இல்" இருக்கிறது, இன்றைக்கு "தனிமரம் தோப்பாகாது". "பாம்பறியும் பாம்பின கால்" சொல் முறை மட்டும் மாறி "பாம்பின் கால் பாம்பறியும்" ஆயிற்று. "ஆயிரம் காக்கைக்கு ஓர் கல்" ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

இந்த ஐந்தும் ஒன்றைத்தான் காட்டுகின்றன. புரியாமல் போன சொல்லை மக்கள் பொருள் கெடாமல் வேறு சொல்லால் மாற்றிக்கொண்டார்கள். ஒலியைப் பிடித்துக்கொண்டு பொருளைத் தொலைக்கவில்லை. கைபேசிப் பட்டியல்கள் சொல்லும் கதையோ இதற்கு நேர்மாறானது: ஒலி மட்டும் பிழைத்தது, பொருள் முழுதாகத் தலைகீழாயிற்று, அது யாருக்கும் தெரியாமல் போயிற்று. அப்படி எங்காவது ஒன்றிரண்டு நடந்திருக்கக் கூடாது என்பதில்லை. ஆனால் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் அப்படியே நடந்தது என்றால் வலுவான சான்று வேண்டும்.

சட்டியும் அகப்பையும் எளிய உதாரணம். சஷ்டியில் விரதம் இருந்தால் அகப் பையில், அதாவது கருப்பையில், குழந்தை வரும் என்பது புது விளக்கம். வழக்கில் இந்தப் பழமொழி எங்கே வருகிறது? படிக்காத பையன் தேர்வில் என்ன எழுதுவான் என்ற பேச்சில் வரும். கையில் ஒன்றும் இல்லாதவரிடம் கடன் கேட்டால் வரும். உள்ளே இல்லாதது வெளியே வராது என்பதுதான் எல்லா இடத்திலும் பொருள். பிள்ளைப்பேறு பேசும் இடத்தில் அது தானாக வருவதில்லை. அடுத்து இலக்கணம். விரதத்தைப் பற்றிப் பேசும்போது "சஷ்டி இருக்கிறாள்", "கார்த்திகை இருக்கிறாள்" என்போம். "சஷ்டியில் இருக்கிறாள்" என்று யாரும் சொல்வதில்லை. கரு உண்டாகும், தரிக்கும், தங்கும். "வரும்" என்ற வினை அங்கே பொருந்தாது. அகப்பையோ நம் சமையலறையில் உண்மையாகவே இருந்த பொருள்: தேங்காய்ச் சிரட்டையில் துளையிட்டு மூங்கிலையோ மரக்குச்சியையோ காம்பாகச் செருகிய கரண்டி. சட்டிக்கும் அகப்பைக்கும் உள்ள உறவு அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டுக் கருப்பைக்குப் போக எந்தத் தேவையும் இல்லை.

கழுதைக்கு வருவோம். கழு என்ற கோரைப் புல்லில் பாய் தைத்துப் படுத்தால் கற்பூர வாசனை வரும் என்பது விளக்கம். முதலில், மூலத்துக்கும் புது வடிவத்துக்கும் இடையே எத்தனை இடத்தில் எழுத்து மாற வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். "கழுதைக்கு" என்பதை உடைக்க வேண்டும். "தைக்குத்" என்பதைத் "தைக்கத்" ஆக்க வேண்டும். "தெரியுமா" என்ற கேள்வியைத் "தெரியுமாம்" ஆக்க வேண்டும். மூன்று இடத்தில் கைவைத்த பிறகும் கிடைக்கும் வாக்கியம் தமிழாக இல்லை. வாசனை "தெரியும்" என்று சொல்வதில்லை; வரும், வீசும், அடிக்கும் என்போம். தொழில்முறையும் இடிக்கிறது. பனையோலைப் பாயை முடைவார்கள். கோரைப் பாயைப் பின்னுவார்கள், தறியில் நெய்வார்கள். பத்தமடைப் பாய் தறியில் நெய்வதுதான். ஈர்க்குச்சி குத்தி இலையைத் தைப்பார்கள். பாயைத் தைப்பது என்பது ஓரத்துக்குத் துணி வைக்கும்போது மட்டும்தான்.

இவ்வளவுக்கும் மேலே, அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தால் வழக்கு முடிந்துவிடுகிறது. தெலுங்கில் கழுதைக்குச் சந்தன வாசனை என்ன தெரியும் என்கிறார்கள். கன்னடத்தில் கழுதைக்குக் கஸ்தூரிப் பரிமளம் தெரியுமா என்கிறார்கள். மலையாளத்தில் 16ஆம் நூற்றாண்டில் பிறந்த கவிஞர் பூந்தானம் தமது ஞானப்பானை என்ற பாடலில், வாசனை அறியாமல் குங்குமம் சுமக்கும் கழுதையைப் பாடுகிறார். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை, சூத்திரஸ்தானம் 4ஆம் அத்தியாயத்தில், பொருள் உணராமல் நூல்களை மனப்பாடம் செய்தவனைச் சந்தனக் கட்டை சுமக்கும் கழுதையோடு ஒப்பிடுகிறது: பாரம் தெரியும், சந்தனம் தெரியாது. கழு, தைக்க என்ற சொல் விளையாட்டு தமிழில் மட்டும்தான் நடக்கும். தெலுங்கில் கழுதை 'காடித', கன்னடத்தில் 'கத்தெ', வடமொழியில் 'கர'. ஒலி எதுவும் ஒத்துப்போகாத மொழிகளில் எல்லாம் அதே கழுதை நிற்கிறது என்றால், தமிழிலும் அது கழுதையாகத்தான் வந்தது. அக்கம்பக்கத்து மொழிச் சோதனை என்பது இதுதான். ஒரே கருத்தும் ஒரே உருவகமும் வேறு மொழியில் வேறு ஒலியோடு இருந்தால், ஒலியை உடைத்துச் சொல்லும் விளக்கம் நிற்காது. இருக்கும் சோதனைகளில் நம்பகமானது இது. செய்யப்படாமல் இருப்பதும் இதுவே.

வைத்தியனுக்கும் இதே சோதனை போதும். மூலிகை வைத்தியத்தில் வேருக்கு இடம் உண்டு என்பது உண்மை. "வேர் பாரு, தழை பாரு, மிஞ்சினக்கால் மெல்ல மெல்லப் பற்பம் செந்தூரம் பாரே" என்பது சித்த வைத்தியத்தில் வழங்கும் நெறி. அதனால் ஆயிரம் வேரைக் கொன்றவன், அதாவது பிடுங்கிப் பயன்படுத்திப் பழகியவன், பாதி வைத்தியன் ஆவான் என்ற விளக்கம் காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் தமிழில் வேரைப் பறிப்போம், பிடுங்குவோம், அகழ்வோம், கொல்வதில்லை. வடமொழியில் "சதமாரீ பவேத் வைத்ய: ஸஹஸ்ரமாரீ சிகித்ஸக:" என்ற பழமொழி இருக்கிறது. நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன் ஆவான், ஆயிரம் பேரைக் கொன்றவன் சிகிச்சை தருபவன் ஆவான். வைத்தியரை யமனின் உடன்பிறந்தவன் என்று வணங்கும் சுலோகமும் உண்டு. வைத்தியரைக் கடிந்து பேசும் மரபு இந்திய மொழிகளில் நெடியது. எழுதப்பட்ட சோதனை முறைகளோ உரிமமோ இல்லாத காலத்தில் நோயாளியின் உடம்பே பாடசாலையாக இருந்தது. அந்தப் பயத்திலிருந்து பிறந்த பேச்சு அது. அதை வேராக்கும்போது, சிகிச்சையில் உறவுகளை இழந்த மக்களின் கசப்பை அழித்துவிடுகிறோம்.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்பதற்கும் அதே கதி. குழைந்து வாலாட்டும் நாய் கடிக்காது என்பதுதான் சரி என்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் தென்மாவட்டங்களிலும் குரைப்பதைக் "குலைப்பது" என்பார்கள். "குலைக்கிற நாய் கடிக்காது" என்பது அங்கே இயல்பான வடிவம். குலைக்கிற, குழைகிற என்ற ஒலி நெருக்கம் இந்த விளக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கலாம். ஆனால் தெலுங்கிலும் மலையாளத்திலும் குரைக்கிற நாய்தான் கடிப்பதில்லை. அலெக்சாந்தரின் வரலாற்றை லத்தீனில் எழுதிய குவிந்துஸ் கூர்த்தியுஸ், பாக்திரிய நாட்டில் வழங்கிய பழமொழி என்று இதைக் குறித்திருக்கிறார்: அஞ்சும் நாய் கடிப்பதைவிட அதிகமாகக் குரைக்கும். குரைக்கிற நாய் சில நேரம் கடிக்கத்தானே செய்கிறது என்பது எதிர்வாதம். பழமொழி விலங்கியல் விதி அல்ல; சத்தம் போட்டு மிரட்டுகிறவரைக் கண்டு பயப்படாதே என்று ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதர் சொல்வது.

"ஆறிலும் சாவு நூறிலும் சாவு" கர்ணன் சொன்னதாகச் சொல்லும் கதையைக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். பாண்டவர் ஐவரோடு சேர்ந்தால் ஆறாவது ஆள் என்பதால் ஆறு என்றால், கௌரவர் நூற்றுவரோடு சேர்ந்தால் நூற்றொன்று ஆக வேண்டும். ஒரு பக்கம் கர்ணனைச் சேர்த்தும் மறுபக்கம் விட்டும் எண்ணினால்தான் கதை நிற்கும். ஆறு வயதிலும் சாவு வரும், நூறு வயதிலும் வரும் என்பதே போதுமான பொருள். குழந்தைச் சாவு வீட்டுக்கு வீடு நடந்த காலத்தில் அதை விளக்க இதிகாசம் தேவைப்பட்டிருக்காது.

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" சற்று வேறு மாதிரி. "மண் குதிர்" என்றால் ஆற்று நடுவே உள்ள மணல் திட்டு, அதை நம்பி இறங்காதே என்கிறார்கள். குதிர் என்று நாம் அறிந்தது நெல் கொட்டி வைக்கும் உயரமான மண் கலம். மண் குதிரையோ புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயிலுக்குப் புரவி எடுக்கும் எல்லா ஊரிலும் உண்டு. வேளார்கள் கால்களைத் தனித்தனியாக உருளையாகச் செய்து, உள்ளே வெற்றிடம் விட்டு உடலை ஏற்றி, உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். சுடாத மண் தண்ணீர் பட்டால் கரையும். சுட்டது கனத்தால் மூழ்கும், கல்லில் மோதினால் உடையும். எப்படிப் பார்த்தாலும் அதன்மேல் ஏறி ஆற்றைக் கடக்க முடியாது. குதிரையாக இருந்தாலும் குதிராக இருந்தாலும் கிடைக்கும் அறிவுரை ஒன்றே என்பதால் திருத்தம் எதையும் திருத்தவில்லை.

"நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்" என்பதற்குச் சொல்லும் தத்துவ விளக்கம் மட்டும் மற்றவற்றைவிட மதிக்கத் தக்கது. கல்லில் செதுக்கிய நாயை நாயாகப் பார்த்தால் கல் மறையும், கல்லாகப் பார்த்தால் நாய் மறையும். இதற்குத் திருமந்திரத்தில் இணை இருக்கிறது: "மரத்தை மறைத்தது மாமத யானை மரத்தில் மறைந்தது மாமத யானை." ஆனால் இணையாக ஒரு கருத்து இருப்பதும் அதிலிருந்து பழமொழி பிறந்ததும் ஒன்றல்ல. பேச்சில் இந்தப் பழமொழி வருவது, பணம் இருக்கும்போது பொருள் கிடைக்காத, பொருள் கிடைக்கும்போது பணம் இல்லாத இடத்தில்தான். தெருநாய் துரத்தும்போது குனிந்து கல்லைத் தேடிய எல்லோருக்கும் அந்த அவதி தெரியும்.

சொல்லை உடைத்துப் பொருள் காண்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. அது எங்கே சரியாக இருக்கும் என்பதற்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் "தண்டம் தசகுணம் பவேத்" நல்ல சான்று. அடித்தால்தான் வழிக்கு வருவான் என்ற பொருளில் இன்று அதைச் சொல்கிறார்கள். இது ஒரு வடமொழிச் சுலோகத்தின் கடைசிப் பகுதி. சுலோகம் "விச்வாமித்ராஹி பசுஷு" என்று தொடங்குகிறது. கேட்டால் விசுவாமித்திர முனிவர் போலத் தோன்றும். பிரித்தால் வி (பறவை), ச்வா (நாய்), அமித்ர (பகைவன்), அஹி (பாம்பு), பசு (மாடு). தொடர்ந்து சேறு, தண்ணீர், குருட்டுத்தன்மை, இருட்டு, முதுமை. மொத்தம் பத்து. கையில் ஒரு தடி இருந்தால் இந்தப் பத்து இடத்தில் உதவும் என்பதுதான் சுலோகம். அடியைப் பற்றிய பேச்சே அல்ல. இங்கே பிரித்துப் பார்ப்பதை ஏன் நம்பலாம்? முழுச் சுலோகமும் கையில் இருக்கிறது. சொற்களின் முடிவில் நிற்கும் வேற்றுமை உருபு பிரித்த துண்டுகள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. எண்ணிக்கை பத்து என்று சுலோகமே சொல்கிறது, எண்ணினால் பத்து வருகிறது. தமிழ்ப் பட்டியலில் உள்ள எதற்கும் இப்படி ஒரு மூலத்தை யாரும் காட்டுவதில்லை. வழக்கும் பிறப்பும் வேறு வேறாகலாம் என்பதற்கும் இது சான்று. இன்றைய பயன்பாடு அடிதான், பிறப்பு ஊன்றுகோல்தான். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைக்க வேண்டும்.

இந்தப் புது விளக்கங்கள் எங்கிருந்து வருகின்றன? ஒரு பகுதி சிலேடை ஆசையிலிருந்து. காளமேகப் புலவர் காலத்திலிருந்து தமிழ் காது சிலேடைக்குப் பழகியது. மேடையில் ஒருவர் சட்டியைச் சஷ்டியாக்கிக் கைதட்டல் வாங்கினால் அதை ரசிக்கலாம். அது அடுத்த ஊரில் "உண்மைப் பொருள்" ஆகும்போதுதான் சிக்கல். இன்னொரு பகுதி கவலை தருவது. முன்னோர் சொன்னதில் குறையே இருக்கக் கூடாது என்ற பற்று. "அஞ்சு பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி" என்பது பெண்ணுக்குச் சீர் செய்து கட்டிக்கொடுப்பதில் குடும்பம் அழிந்ததைச் சொல்லும் கசப்பான வாக்கு. அதில் பெண்ணை எடுத்துவிட்டு, ஆடம்பரத் தாய், பொறுப்பற்ற தந்தை, ஒழுக்கம் கெட்ட மனைவி என்று ஐந்து பேரை நிரப்புகிறார்கள். "சேலை கட்டிய மாதரை நம்பாதே" என்பதைச் "சேல் அகட்டிய", அதாவது சேல் மீன் போல அகட்டிய கண்ணுடைய மாதர் என்று மாற்றுகிறார்கள். மாற்றிய பிறகும் பழி பெண்மீதுதான் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகளைத் திறந்தால் பெண்களையும் குறிப்பிட்ட சாதியினரையும் உடற்குறை உள்ளவர்களையும் இழிவுபடுத்தும் பழமொழிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விடலாம், விட வேண்டும். ஆனால் பொருளை மாற்றி எழுதினால், அந்த இழிவைச் சுமந்தவர்களுக்கு நடந்தது நடக்கவே இல்லை என்றாகிவிடும். சமூக வரலாற்றுக்குப் பழமொழியைவிட நேரடியான சாட்சி குறைவு.

காலக் கணக்கும் உதவும். "வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை" என்பதை "வாக்குக் கற்றவனுக்கு, போக்குக் கற்றவனுக்கு" என்று பிரித்து, முன்னோர் ஞானம் என்கிறார்கள். சென்னை மாகாணத்தில் இன்றைய வடிவிலான போலீஸ் அமைப்பு 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பழமொழிக்குள் இருக்கும் கடன்சொல்லே அதன் வயதைச் சொல்லிவிடுகிறது. குறைந்த சம்பளத்துக்கு இந்த இரண்டு வேலைக்கும் ஆள் எடுத்த காலத்தின் பேச்சு அது.

பொருள் உண்மையிலேயே தொலைந்துபோன பழமொழிகளும் இருக்கின்றன. அங்கே தொலைந்தது எழுத்து அல்ல, பொருட்கள். வேளாண்மைப் பழமொழிகள்தான் இதில் முதலில் வருகின்றன. "நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு நரியோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட" என்பது நடவு இடைவெளிக்கான அளவுகோல். சில ஊர்களில் கரும்புக்கு "ஏரோட" என்பார்கள். கரும்பு வரிசைக்கு நடுவே ஏர் விட்டு மண் அணைப்பதை நினைத்தால் அதுவும் சரியே. இன்றைய அளவில் சொன்னால், ஒற்றை நாற்று நடவில் நெல்லுக்கு 25 செ.மீ., கரும்புப் பாருக்குப் பாரு 3 முதல் 5 அடி, வாழைக்கு 6 அடி, தென்னைக்கு 25 அடி. தென்னையை 25 அடிக்கு வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 மரம் நிற்கும். ஆசைப்பட்டு நெருக்கி வைத்தால் மட்டைகள் ஒன்றோடொன்று மோதும், மரம் வெளிச்சத்தைத் தேடிச் சாயும், காய்ப்பு குறையும். நெல்லை நெருக்கினால் தூர் கட்டாது. அடியில் காற்றும் வெயிலும் இறங்காமல் புகையான் என்ற பூச்சி பெருகும். புகையான் தாக்கும் பகுதிகளில் 2.5 மீட்டருக்கு ஒரு முறை 30 செ.மீ. இடைவெளியைப் பட்டமாக விட்டு நடச் சொல்வதும் அதற்காகத்தான். வயலில் நண்டு ஓடிப் பார்த்திராத தலைமுறைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது; ஆனால் ஒரு எழுத்தைக்கூட மாற்றத் தேவையில்லை.

"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பதில் தொலைந்தது முகத்தல் அளவை. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. உழக்கு என்பது கால்படி. 8 படி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். கலக்கணக்கில் விளைந்த களத்திலிருந்து ஆள் கூலி, நிலக்காரர் பங்கான வாரம், வரி, விதைநெல் எல்லாம் போய் ஒரு கால்படி கூட வீட்டுக்கு வராது என்ற விகிதம் தெரிந்தால்தான் அந்த வாக்கியம் வலிக்கும். ஒரு கலம் என்பது 384 உழக்கு. "வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது" என்பதில் தொலைந்தது கடைதல். மத்துக் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்து நெடுநேரம் கடைந்தாலும் ஒன்றும் தெரியாது. முடிவில்தான் சிறு மணிகளாகப் பிரிந்த வெண்ணெய் சட்டென்று ஒன்றுகூடும். அந்த வேளையில் மண் தாழி உடைந்தால் உழைப்பு முழுதும் தரையில். மின்கருவியில் கடைகிற வீட்டில் இந்தக் கணத்தின் அருமை தெரியாது.

சோதிக்க விரும்புகிறவர்களுக்குத் தொகுப்புகளைப் பயன்படுத்தும் முறையையும் சொல்லிவிட வேண்டும். பெர்சிவல் பாதிரியார் 1874இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் அகரவரிசையில் இருக்கின்றன. ஜென்சன் 1897இல் வெளியிட்டது பொருள்வாரியாகப் பிரித்தது. எந்தச் சூழலுக்கு எது என்று தேட அது ஏற்றது. இரண்டும் இணையத்தில் படி எடுத்து வைக்கப்பட்டுள்ளன. அகரவரிசையில் தேடும்போது ஒரே இடத்தில் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. யானை என்பதை ஆனையிலும், ஐந்தை அஞ்சிலும், புருஷனைப் புருடனிலும் தேட வேண்டும். பழைய அச்சில் இரட்டைக் கொம்பும் ஒற்றைக் கொம்பும், காலும் ரகரமும் மயங்கக் கூடும் என்பதால் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி. புது விளக்கம் ஒரு அரிய சொல்லை நம்பி நின்றால், அந்தச் சொல் அந்தப் பொருளில் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. இருந்தாலும் அது பழமொழிக்குச் சான்று ஆகிவிடாது. இல்லாவிட்டால் மேலே போகத் தேவையில்லை.

தொகுப்புகளில் இல்லாத பழமொழிகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. பெரியவர்களிடம் கேட்டு எழுதும்போது "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் அவர்களும் தொலைக்காட்சியில் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வாய்ப்புண்டு. "இதை எப்போது சொல்வீர்கள்? கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? அவர் என்ன பதில் சொன்னார்?" என்று கேட்க வேண்டும். வாயில் வந்த வடிவத்தையே எழுத வேண்டும்; "அஞ்சு" என்றால் "ஐந்து" என்று திருத்தக் கூடாது, "குலைக்கிற" என்றால் "குரைக்கிற" ஆக்கக் கூடாது. ஊர், சொன்னவரின் தொழில், ஏறக்குறைய வயது, எந்த உறவுமுறையில் உள்ளவரைப் பார்த்துச் சொன்னது ஆகியவற்றைப் பக்கத்தில் குறிக்க வேண்டும். மாமியார் மருமகளுக்குச் சொல்வதும் மருமகள் தோழிக்குச் சொல்வதும் ஒரே வாக்கியமாக இருந்தாலும் ஒரே பழமொழி அல்ல. அதில் வரும் கருவி, அளவை, பயிர் எதுவானாலும் அது எப்படி இருக்கும் என்று கேட்டு, முடிந்தால் வரைந்தோ படம் எடுத்தோ சேர்த்து வைக்க வேண்டும். சொன்னவருக்கே விளங்காத சொல் வந்தால் அதற்குப் பொருள் ஊகித்து எழுதாமல், கேட்ட ஒலியை அப்படியே குறித்துவிட்டுப் பக்கத்து ஊரில் அதே பழமொழி எப்படி வழங்குகிறது என்று விசாரிக்க வேண்டும்.